‘புதுசு 2’ என்றொரு பிரீசெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படங்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீர்செய்யும் கலர் கிரேடிங் வேலையைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் 14 வருடமாக அந்த வேலையில்தான் இருக்கிறேன். அதில் முதல் 5 வருடம் உதவியாளர். தோலின் நிறம், அறையின் வெளிச்சம், மானிட்டரை அளவீடு செய்வது எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் ஒரு வரிதான் உறுத்தியது. எல்லாருக்கும் பிடித்துப்போனதும் ரெண்டர் கொடுத்தால் (அதாவது, முடித்த படத்தை ஃபைலாக எழுதி எடுத்தால்) வேலை முடிந்தது என்று இருந்தது. என் தொழிலின் மிக மோசமான காலைப்பொழுது அந்த ரெண்டரில்தான் தொடங்கியது என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு நிமிட டிரெய்லர். மாலையில் முடித்து அனுப்பிவிட்டேன். இரவு 11 மணிக்கு இயக்குநர் அழைத்து, ஒரே ஒரு ஷாட்டில் வானம் பச்சையடிக்கிறது, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்றார். பார்த்துச் சரி செய்தேன். ரெண்டருக்கான அமைப்புகளை ஒரு பெயரில் மொத்தமாகச் சேமித்து வைப்பதைப் பிரீசெட் என்போம். அந்தப் பட்டியலில் ‘புதுசு 2’ என்று ஒன்று இருந்தது. நானே வைத்த பெயர்; டிரெய்லருக்காக வைத்தது என்று நினைத்து அதிலேயே ரெண்டர் கொடுத்தேன். ஃபைல் பெயரை மாற்றவில்லை. இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் மேலேயே எழுதட்டுமா என்று மென்பொருள் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ஆம் என்றேன்.

‘புதுசு 2’ உண்மையில் இரண்டு வாரத்துக்கு முன்னால் விஎஃப்எக்ஸ் (கணினி வரைகலை) குழுவுக்கு ஷாட்டுகள் அனுப்புவதற்காகச் செய்தது. அதில் டேட்டா லெவல் ‘ஃபுல்’ என்று இருந்தது. இது என்னவென்றால், 10 பிட் படத்தில் 0 முதல் 1023 வரை எண்கள் உண்டு. ‘வீடியோ’ முறையில் கறுப்பு 64இல் இருக்கும், வெள்ளை 940இல் இருக்கும். ‘ஃபுல்’ முறையில் கறுப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட இரண்டு ஓரங்களுக்கும் போய்விடும். ஃபுல்லில் எழுதிய படத்தை வீடியோ என்று நினைத்து ஒரு பிளேயர் ஓட்டினால், 64க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். 940க்கு மேலே உள்ளதெல்லாம் வெளிறிய வெள்ளை. அந்த டிரெய்லரில் பாதி இரவுக் காட்சி. கதாநாயகி எங்கே நிற்கிறார் என்பதே தெரியவில்லை.

தவறான பிரீசெட்டைக்கூட விட்டுவிடலாம். இரண்டு நிமிடப் படத்தைத் திரும்ப ரெண்டர் செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? என் உயிரை வாங்கியது பெயர்தான். விடிவதற்குள் அது மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. மாலையில் போனதற்கும் இரவில் போனதற்கும் ஒரே பெயர், அளவும் ஏறத்தாழ ஒன்று. யாரிடம் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. தேதியைப் பாருங்கள் என்றால், அவரவர் டவுன்லோட் செய்த நேரத்தைச் சொன்னார்கள். கடைசியில் ஒவ்வொருவரையும் அழைத்து, “41ஆவது விநாடியில் நிறுத்துங்கள், கதாநாயகியின் காதில் தோடு தெரிகிறதா?” என்று கேட்டேன். இரண்டு பேருக்குத் தெரியவில்லை. மூன்றாமவருக்குத் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் உறைத்தது, அவரிடம் இருப்பது பச்சை வானம்.

அன்றிலிருந்து, வெளியே போகிற எந்த ஃபைலும் வெர்ஷன் எண் இல்லாமல் போவதில்லை. ஒரே ஒரு ஷாட்டில் ஒரு புள்ளி மாறினாலும் எண் ஏறும். எண்ணை மூன்று இலக்கத்தில் எழுதுகிறேன்: வி001, வி002. வி2, வி10 என்று எழுதினால், எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிற மென்பொருள்கள் வி10ஐ வி2க்கு முன்னால் போட்டுவிடும். தேதியில் வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள்: 20240312. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறை சொல்கிற வரிசையும் இதுதான். பெயர்வாரியாக அடுக்கினாலே காலவாரியாக அடுக்கியதாகிவிடும். 03-04 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று வெளிநாட்டு ஆட்களோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

‘ஃபைனல்’ என்ற சொல்லுக்கு எங்கள் அறையில் தடை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல்_புதுசு’, ‘ஃபைனல்_சத்தியமா’ மூன்றையும் ஒரே ஃபோல்டரில் பார்த்தவள் நான். எது கடைசி என்பது பட வேலை நடக்கும்போது யாருக்குமே தெரியாது.

இப்போது என் ஃபைல் பெயரில் படத்தின் சுருக்கப் பெயர், டிரெய்லரா முழுப் படமா, எந்த ரீல் (படத்தின் எந்தப் பகுதி), வெர்ஷன், கலர் ஸ்பேஸ் (நிறங்களைக் குறிக்கும் முறை), டேட்டா லெவல், தேதி இருக்கும். இடையில் அடிக்கோடு மட்டும். இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது, அதனால் ஃபிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) சேர்க்க நேர்ந்தால் 23.976ஐ 23976 என்றுதான் எழுதுவேன். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எதையும் விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. ஒரு காலத்தில் ஆர்வக்கோளாறில் லென்ஸ் முதற்கொண்டு பெயரில் சேர்த்தேன். என் உதவியாளர், “அக்கா, பெயரைப் படித்து முடிப்பதற்குள் படமே ஓடி முடிந்துவிடும்” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்தால் விண்டோஸின் வழக்கமான 260 எழுத்து வரம்பும் இடிக்கும். குறைத்துக்கொண்டேன்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று கேட்பார்கள். எனக்கும் ஆசைதான். (இந்தக் கடிதத்தில் தமிழில் எழுதியிருக்கிற ‘வி001’ போன்றவையும் நிஜத்தில் ஆங்கில எழுத்துகள்தான்.) ஆனால் ‘கொ’ என்ற எழுத்தில் வருகிற ஒகரக் குறியைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒரே குறியீடாகவோ, கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடாகவோ. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறை பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். வேறு கணினிகள் டைப் செய்தது எப்படியோ அப்படியே வைத்துக்கொள்ளும். ஒரு லினக்ஸ் சர்வரில் ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எனக்குத்தான் கண் கெட்டுவிட்டதோ என்று நினைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் கையால் டைப் செய்ய வேண்டியதில்லை. நான் கிரேடிங் செய்யும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் ஃபைல் பெயர் இடத்தில் சதவீதக் குறியைத் தட்டினால், டைம்லைன் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிய தொகுப்பு) பெயர் போன்றவற்றைத் தானாக நிரப்பும் பட்டியல் வரும். டைம்லைனுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்தால் ஃபைலுக்கும் அதே ஒழுங்கு வந்துவிடும். டைம்லைனின் பெயர் ‘டைம்லைன் 1’ என்றே கிடந்தால் ஃபைலும் அப்படித்தான் வெளியே போகும்.

அடுத்த சிக்கல் விஎஃப்எக்ஸுக்கு ஷாட் ஷாட்டாகப் பிரித்து அனுப்பும்போது வருவது. ஒருமுறை 86 ஷாட் அனுப்ப வேண்டியிருந்தது. ரெண்டர் முடிந்து ஃபோல்டரைத் திறந்தால் 79 ஃபைல்தான். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. அரை நாள் தேடிய பிறகு புரிந்தது. ஒரே கிளிப்பை எடிட்டர் கதையில் ஒரு இடத்திலும் ஃபிளாஷ்பேக்கில் இன்னொரு இடத்திலும் பயன்படுத்தியிருந்தார். நான் மூலக் கிளிப்பின் பெயரிலேயே ரெண்டர் ஆகும்படி விட்டிருந்தேன். இரண்டாவது வந்து முதலாவதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் கொடுக்கும் ஒரு டிக் பெட்டி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை இப்போது விஎஃப்எக்ஸ் பிரீசெட்டிலேயே போட்டு வைத்துவிட்டேன்.

ஆனால் கேமரா கொடுத்த மூலப் பெயரில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆரி கேமராவில் வருகிற ஏ001சி003 என்ற தொடக்கம் பார்க்கப் புதிர் மாதிரி இருக்கும். ஏ என்பது எந்தக் கேமரா, 001 எந்த ரீல் (கேமரா கார்டு), சி003 எந்தக் கிளிப் என்று அர்த்தம். எடிட்டரிடமிருந்து வரும் பட்டியலை வைத்து அசல் ஃபைல்களைத் தேடிக் கோர்ப்பது இந்தப் பெயரையும் டைம்கோடையும் (ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்ணையும்) நம்பித்தான். அழகாக இருக்கட்டும் என்று ‘கல்யாண சீன் 1’ எனப் பெயர் மாற்றிக் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றோடு மூன்று நாள் போராடியிருக்கிறேன்.

ஒவ்வொரு ஃபிரேமையும் தனி ஃபைலாக எழுதும்போது எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு இலக்கம் 9999 வரைக்கும்தான். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 7 நிமிடம்கூட வராது. 90 நிமிடப் படத்துக்கு 1,29,600 ஃபைல்கள்.

தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் படத் தொகுப்பான டிசிபி விஷயத்தில் உலகமே உட்கார்ந்து பேசி ஒரு பெயரிடும் முறையை வைத்திருக்கிறது. புரொஜெக்டர் அறையில் இருப்பவருக்குப் படத்தைத் திறந்து பார்க்க நேரம் இருக்காது; திரையில் தெரிகிற பெயரை வைத்துத்தான் ஓட்டுவார். அதனால் எஃப்டிஆர் என்றால் முழுப்படம், டிஎல்ஆர் என்றால் டிரெய்லர், எஸ் என்றால் ஸ்கோப் (அகலத் திரை), எஃப் என்றால் ஃபிளாட் (அதைவிட அகலம் குறைந்தது), 51 என்றால் ஒலி 5.1. மொழிக்கும் அப்படியே: தமிழுக்கு டிஏ, சப்டைட்டில் இல்லையென்றால் எக்ஸ்எக்ஸ். பெயர் வைப்பது எழுத்தர் வேலை என்று முகம் சுளிக்கிற இளைஞர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பிரீசெட்டுக்கு வருகிறேன். டிரெய்லர் விவகாரத்துக்குப் பிறகு எண்ணிப் பார்த்தால் பட்டியலில் 43 இருந்தன. ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட் புதுசு’, ஒரு பழைய வாடிக்கையாளரின் செல்லப்பெயர், வெறும் ‘அஅஅ’. பாதிக்கு மேல் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. தெரியாதவற்றை அழித்ததில் 9 மிஞ்சின. இப்போது பிரீசெட்டின் பெயரே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும்: எந்த வடிவம் (புரோரெஸ் 4444), படத்தின் அளவு (யூஎச்டி), ஃபுல், படத்தின் மேல் எழுத்து (பர்ன்-இன்) இல்லை, எந்தத் தேதியில் செய்தது. வாடிக்கையாளர் பெயரை வைப்பதில்லை. அவர் கேட்கிற அளவுகள் அடுத்த வருடம் மாறும். பெயர் மட்டும் பழைய நினைப்பிலேயே இருக்கும். இருக்கிற பிரீசெட்டைத் திருத்தவும் கூடாது. மாற்றம் வேண்டுமென்றால் புதுத் தேதியோடு புதிதாக ஒன்று. எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து தனி டிஸ்கில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவியதும் 10 விநாடி கலர் பார்களை (சோதனைக்கான நிறப் பட்டைகளை) ஒன்பதிலும் ரெண்டர் செய்து, நிற அளவைக் காட்டும் ஸ்கோப் கருவியில் பார்த்துவிடுவேன். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும், அவ்வளவுதான்.

நிறத்தை மாற்றும் கலர் வீலைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பாடங்கள் இருக்கின்றன. ரெண்டர் பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கடைசி இரண்டு நிமிடத்தில். அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் இதற்கு அரைப் பத்தி ஒதுக்கச் சொல்லிக் கட்டுரையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கறுப்பு டிரெய்லர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்: வி002, ஃபுல், அனுப்பாதே. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அதையும் வி003ஐயும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, 41ஆவது விநாடியில் நிறுத்துவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஒரு கலரிஸ்ட்