ஆண்டறிக்கை 2024/25: பருவச்சீட்டும் தனிச்சீட்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் குறிப்பு ஏற்கெனவே எல்லோருக்கும் அனுப்பப்பட்டுவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சிறுவர் பயிற்சி, கோடைகால விளையாட்டு விழா, குடும்ப ஒன்றுகூடல் ஆகியவை வழமைபோல் நடந்தன. சமையலுக்கும் கூடாரம் போடவும் வந்து நின்ற எல்லோருக்கும் நன்றி. இந்த ஆண்டு எங்கள் ரசிகர் மன்றத்தின் நிர்வாகசபைக் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்த விடயம் ஒன்றுதான்: டோட்முண்ட் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்துக்குள் போக யாருக்குச் சீட்டு? என் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டோட்முண்ட் மைதானத்தில் யேர்மன் லீக் ஆட்டங்களுக்கு 81,365 பேருக்கு இடம் உண்டு. இந்த நாட்டிலேயே பெரிய மைதானம் அதுதான். அதில் 55,000 இடங்கள் பருவச்சீட்டு, அதாவது பருவத்தின் சொந்த மைதான லீக் ஆட்டங்கள் பதினேழுக்கும் சேர்த்து வாங்கும், நாங்கள் டவர்கார்ட் என்று சொல்லும் சீட்டு, வைத்திருப்பவர்களுடையவை. அந்த 55,000 என்பது கழகம் தானாகவே போட்டுக்கொண்ட உச்சவரம்பு. மிச்சம் 26,365. மைதானத்தின் பத்தில் ஒரு பங்கை எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது லீக் விதி. அந்த எண்ணாயிரத்துச் சொச்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 18,000 அளவில். அனுசரணையாளருக்கும் விருந்தினருக்கும் போகிற இடங்களைப் பார்த்தால் அது இன்னும் சுருங்கும். கழகத்தின் அங்கத்தவர் தொகையோ இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கத்தவர் அட்டை இருந்தும் சீட்டுக் கிடைக்கவில்லை என்று எங்கள் பிள்ளைகள் சொல்வதற்குக் காரணம் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

மற்றக் கழகங்களில் இந்தப் பங்கீடு வேறு மாதிரி. பயேர்ன் மியூனிக்கில் 75,000 இடங்களுக்கு ஏறக்குறைய 38,000 பருவச்சீட்டுகள், அதாவது பாதி. லண்டன் ஆர்சனலில் 60,704 இடங்களில் 45,000 அளவு, அதாவது நாலில் மூன்று. டோட்முண்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பருவச்சீட்டைக் கூட்டினால் கழகத்துக்கு என்ன லாபம் என்பது தெரிந்ததே. ஆவணியில் முதல் பந்து உருளுமுன்பே காசு கைக்கு வந்துவிடும். மழையோ பனியோ, எதிரணி சிறியதோ பெரியதோ, இடம் விற்றாகிவிட்டது. ஆனால் காசு மட்டும் காரணமில்லை. 2005இல் இந்தக் கழகம் கடனில் மூழ்கி, திவாலின் வாசல்வரை போனது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் அணி அட்டவணையின் நடுவில் தள்ளாடியபோதும் ஆட்டத்துக்குச் சராசரி 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் அதே படியில், அதே ஆட்களுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நிற்கிறவர்கள். தெற்கு மேடையில் 24,000க்கும் மேற்பட்டோர் நின்றபடி ஒரே குரலில் பாடுகிறார்களே, ஒவ்வொரு கிழமையும் புதுப்புது ஆட்கள் வந்தால் அந்தக் குரல் வராது. நானும் பருவச்சீட்டு வைத்திருப்பவன். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரிடமும் கேட்க மாட்டேன்.

இருந்தாலும் மறுபக்கத்தை நாங்கள்தான் அதிகம் அறிந்தவர்கள். எங்கள் அங்கத்தவர்களில் பலருக்குச் சுற்றுமுறை வேலை. பராமரிப்பு இல்லத்திலும் சரக்குக் கிடங்கிலும் உணவகச் சமையலறையிலும் நிற்பவர்களுக்குப் பதினேழு ஆட்டத்துக்கும் இப்போதே வாக்குக் கொடு என்றால் முடியுமா? லீக் அட்டவணையில் ஆட்டம் எந்த வாரத்தில் என்பது கோடையிலேயே தெரியும். வெள்ளி இரவா, சனி மூன்றரையா, ஞாயிறா என்பதைப் பிறகு பகுதி பகுதியாகத்தான் அறிவிக்கிறார்கள். சனி மூன்றரை என்றால் தமிழ்ப் பாடசாலை இருக்கும் வீடுகளில் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து போக வழியில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியாக வாங்கும் தனிச்சீட்டுகள், வருடத்தில் இரண்டோ மூன்றோ, அவைதான் ஒரே வழி. இருபது வருடத்துக்குப் பிறகு தெற்கு மேடையில் நிற்கப்போகிறவன் இன்று பத்து வயதில் ஒரு தனிச்சீட்டில்தான் முதன்முதலாக உள்ளே வருவான். அவனுக்கு வழி இல்லாமல் போனால் அந்த மேடை மெல்ல மெல்ல முதியோர் மேடையாகிவிடும்.

கடந்த பருவம் இந்த இரண்டு பக்கத்தையும் நன்றாகவே காட்டியது. அணி தடுமாறியது. ஜனவரியில் நூரி சாஹின் விலக்கப்பட்டு நிக்கோ கோவாச் பயிற்சியாளராக வந்தார். ஒரு கட்டத்தில் பதினோராம் இடம்வரை இறங்கினோம். அந்தக் குளிர்கால வாரங்களில் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில், "தம்பி, இந்தக் கிழமை எனக்கு ஏலாது, ஆருக்கும் கார்ட் வேணுமே?" என்ற கேள்வி அடிக்கடி வந்தது. பங்குனி கழிந்து அணி எழும்பத் தொடங்கியதும் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. ஏப்ரல் 15, செவ்வாய் இரவு, பாசலோனாவுக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் கால் இறுதி. முதல் ஆட்டத்தில் 4-0 என்று தோற்று வந்திருந்தோம். கிராசி மூன்று கோல் அடித்து 3-1 என்று வென்றும் வெளியேறினோம். நம்பிக்கை குறைந்த அந்த இரவுக்கும் சீட்டுத் தாருங்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம், கொடுக்க ஆள் இல்லை. மே 17 அன்று கீல் அணியை 3-0 என்று வென்று நாலாம் இடத்தைப் பிடித்த கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதிலிருந்து நிர்வாகசபை கண்டது இதுதான்: பிரச்சினை 55,000 என்ற எண்ணில் அதிகம் இல்லை. வராத நாளில் அந்தச் சீட்டு எங்கே போகிறது என்பதில்தான் இருக்கிறது. மைதானம் நிறைந்ததா என்பதற்குச் சொல்லப்படும் எண் பொதுவாக விற்ற சீட்டின் எண். யாரும் வந்து அமராத இருக்கையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். வெளியே சீட்டுக் கிடைக்காமல் நிற்பவனுக்கு உள்ளே ஒரு வெற்றிருக்கையைத் தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட வருத்தமானது வேறில்லை.

வர முடியாதவர் விட்டுக்கொடுக்கும் சீட்டு எந்த ஒழுங்கும் இல்லாமல் போனாலும் கேடுதான். 2022 ஏப்ரல் 14 அன்று பாசலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் நடந்ததை இங்கே பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். ஐரோப்பா லீக் கால் இறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரணி பிராங்போட். யேர்மன் ரசிகர்களுக்கு அதிகாரபூர்வமாக ஒதுக்கியது 5,000 சீட்டு. வந்தவர்களோ சுமார் 30,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அங்கே பருவச்சீட்டு வைத்திருக்கும் அங்கத்தவர் தனக்கு வர முடியாத ஆட்டத்துக்கு இடத்தைக் கழகத்திடம் விட்டுக்கொடுத்தால், அதைக் கழகம் விற்று வருமானத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இரவு தனிச்சீட்டாக இணையத்தில் போன இடங்களும் அங்கத்தவர் கைமாற்றி விற்ற இடங்களும் சேர்ந்து பிராங்போட் ரசிகர்களின் கைக்குப் போய்விட்டன. சொந்த மைதானமே அவர்களின் வெள்ளை உடையால் வெள்ளையாக மாறியது. பாசலோனாவின் தீவிர ரசிகர்கள் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் தங்கள் பகுதிக்குத் திரும்பாமல் எதிர்ப்புக் காட்டினார்கள். பிராங்போட் 3-2 என்று வென்றது. அதன் பிறகுதான் ஐரோப்பிய ஆட்டங்களுக்குப் பெயர் பதிந்த சீட்டு என்ற முடிவுக்குக் கழகம் வந்தது. பிராங்போட் ரசிகர்களை நான் குறை சொல்லவில்லை. தங்கள் அணிக்காக ஊர் கடந்து போனார்கள். விற்றவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

மறுவிற்பனை பற்றி மன்றத்தின் நிலைப்பாட்டை மீண்டும் பதிவு செய்கிறேன். யேர்மன் உச்ச நீதிமன்றம் 2008இல் ஹம்பேர்க் கழகத்தின் வழக்கில் தெளிவாகச் சொன்னது: கழகத்திடம் நேரடியாக வாங்குபவர் வியாபாரத்துக்காக மறுபடி விற்கக் கூடாது என்று கழகம் நிபந்தனை போடலாம். ஆனால் தனிப்பட்ட ஆட்களிடமிருந்து வாங்கி விற்கும் வியாபாரியை அந்த நிபந்தனையால் தடுக்க முடியாது. ஆகவே அந்த ஓட்டையை அடைப்பது அங்கத்தவர் கையில்தான் இருக்கிறது. எங்கள் அயலூரான ஷால்க கழகம் ஒரு பெரிய மறுவிற்பனை நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை, ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2013இல் முறித்துக்கொண்டது. ஷால்கவைப் பாராட்டி இந்த மன்றத்தில் யாரும் பேசுவது அரிது. இந்த விடயத்தில் அவர்களின் ரசிகர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

விலையையும் சொல்லாமல் விட முடியாது. தனிச்சீட்டு குறைவாக இருக்கும்போது அதன் விலையை ஏற்றுவது எளிது. பெரிய எதிரணி வரும் நாளில் கூடுதல் கட்டணம் போடுவதும் அந்த வழிதான். பருவச்சீட்டுக்காரரின் குரல் கழகத்துக்குக் கேட்கும், வருடத்துக்கு இரண்டு முறை வருபவரின் குரல் கேட்காது. 2010இல் டோட்முண்ட் ரசிகர்கள், நின்று பார்க்கும் இடத்துக்கு இருபது யூரோவுக்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று ஷால்க மைதானத்துக்கான பயணத்தைப் புறக்கணித்தார்கள். 2016 பெப்ரவரியில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு நிகழ்ச்சிகள். 6ஆம் திகதி லிவர்பூல் ரசிகர்கள், அடுத்த பருவத்துக்கு 77 பவுண்ட் சீட்டு என்று அறிவித்ததை எதிர்த்து 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியே போனார்கள். கழக உரிமையாளர்கள் அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். 9ஆம் திகதி ஸ்ருட்காட்டில் எங்கள் ரசிகர்கள் சீட்டு விலையை எதிர்த்துக் களத்துக்குள் ரெனிஸ் பந்துகளை எறிந்தார்கள். மூன்றிலும் முன்னால் நின்றவர்களில் பெரும்பகுதி பருவச்சீட்டு வைத்திருந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன். மூன்றிலும் பேசப்பட்டதோ தனிச்சீட்டின் விலையும்தான். வீட்டுக்காரன் விருந்தாளிக்காகப் பேசியது போன்ற அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

லண்டனில் இருக்கும் எங்கள் உறவினர்கள் இன்னொரு கதை சொல்வார்கள். ஈஸ்ட்ஹாமில் நம்மவர் கடைகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வெஸ்ட்ஹாம் கழகத்தின் பழைய மைதானம் இருந்தது. ஏறக்குறைய 35,000 இடம். 2016இல் ஸ்ராட்போட்டில் உள்ள ஒலிம்பிக் மைதானத்துக்கு மாறினார்கள், இடம் ஒன்றரை மடங்குக்கு மேலானது. அதை நிரப்ப வளர்ந்தோருக்கு 289 பவுண்டிலும் சிறுவருக்கு 99 பவுண்டிலும் பருவச்சீட்டு கொடுத்தார்கள். இடம் பெருகினால் இரு தரப்புக்கும் கதவு திறக்கலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் மைதானமோ குடியிருப்புகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் நிற்கிறது. இருக்கிற இடத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும்.

மன்றத்துக்குள் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பருவச்சீட்டு வைத்திருக்கும் அங்கத்தவர் தனக்கு வர முடியாத ஆட்டத்தைத் தெரிந்தவுடனேயே எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். பெரும்பாலானோர் ஒத்துழைத்தார்கள். சீட்டு வாங்கிய விலையின் பதினேழில் ஒரு பங்கு மட்டுமே பெறப்படும், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. இதுவரை ஒருமுறையும் உள்ளே போகாதவருக்கு முதலிடம், அடுத்தது சிறுவரோடு வரும் தாய்மாருக்கு. இதைப் பரிந்துரைத்த மகளிர் பிரிவு அக்காவுக்கு நன்றி. சிறுவர், மாணவர் கட்டணத்தில் எடுத்த சீட்டை வளர்ந்தவர் பயன்படுத்துவதானால் வித்தியாசத்தைக் கழகத்தில் முன்கூட்டியே கட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். வாசலில் வந்து நின்று விளக்கம் சொல்லிப் பயனில்லை. சீட்டுக் கிடைக்காத வாரங்களில் சிறுவர்களைப் பெரிய மைதானத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ரோட்ட எர்ட மைதானத்துக்குக் கூட்டிப்போய் இரண்டாவது அணியின் ஆட்டத்தைக் காட்டினோம். 1926இல் திறந்த அந்த மைதானத்தில் களத்துக்கு மிக அருகில் நின்று பார்க்கலாம். பிள்ளைகள் அதையே மறுபடியும் கேட்கிறார்கள். பொறுப்பெடுத்துக் கூட்டிப்போன இளையோர் பிரிவுத் தம்பிமாருக்கு இந்தச் சபை கைதட்டிப் பாராட்டைத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் பட்டியலில் பெயர் எழுதி, சிறிய எதிரணி வரும் ஞாயிறுகளில் ஒதுங்குபவர்கள் சிலர் இருக்கிறார்கள். பயேர்ன் வரும் நாளில் உரிமை கேட்பவர் ஹைடன்ஹைம் வரும் நாளிலும் வந்து நிற்க வேண்டும். அடுத்த பருவத்திலிருந்து சிறிய ஆட்டத்துக்கு வந்தவருக்கே பெரிய ஆட்டத்தில் முன்னுரிமை என்று நிர்வாகசபை முடிவு செய்திருக்கிறது.

கழகத்துக்கு அனுப்புவதற்காக ஒரு கடித வரைவைத் தயாரித்திருக்கிறோம். பருவச்சீட்டு 55,000 என்ற வரம்பை உயர்த்த வேண்டாம் என்பது முதல் கோரிக்கை. மியூனிக்கில் இருப்பதுபோல, பருவச்சீட்டு ஆண்டுக்குக் குறைந்தபட்ச ஆட்டங்களுக்காவது வாசலில் பதிவாக வேண்டும் என்ற விதி இங்கும் வேண்டும். அதிகாரபூர்வ மறுவிற்பனைத் தளத்தில் விடுவித்த ஆட்டமும், வேலை அல்லது நோய் காரணமாக இன்னொருவருக்குக் கொடுத்த ஆட்டமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுமுறை வேலைக்காரர்தான் முதலில் அடிபடுவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதன்முறை வரும் அங்கத்தவர்களுக்கென்று சிறு பகுதியைக் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். நிர்வாகசபையில் மூத்தவர் ஒருவர், "நாங்கள் சொல்லியா கேக்கப்போறாங்கள்?" என்று கேட்டார். இந்தக் கழகம் அங்கத்தவர்களின் கழகம், எங்களில் பலர் அதன் வாக்குரிமை உள்ள அங்கத்தவர்கள். கேட்பதற்கு எங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

வரைவின் பிரதிகள் வாசல் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. திருத்தங்களை இடைவேளைக்கு முன் எழுத்தில் தாருங்கள். நிர்வாகசபைத் தெரிவுக்கு முன்னதாகக் கடிதம் வாக்குக்கு விடப்படும்.

நன்றி.
செயலாளர்