சிங்கவால் குரங்குக்கு முறுக்கு எதற்கு?

ஆசிரியருக்கு,

வால்பாறையில் மழைக்காட்டை ஒட்டிய விடுதியில் ஆறு வருடமாக இயற்கை வழிகாட்டியாக இருக்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் காலுறைக்குள் மூக்குப்பொடி தூவாமல் காட்டில் இறங்க முடியாது. அப்படியும் ராத்திரி படுக்கும்போது விரலிடுக்கில் ஓர் அட்டை கொழுத்துக் கிடக்கும். சரி, அது பழகிவிட்டது.

பழகாதது புதுத்தோட்டம் சாலைதான். சிங்கவால் குரங்கைக் கண்டதும் காரை நிறுத்தி முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். தீனி ருசி கண்ட குரங்கு மரத்தை விட்டு ரோட்டுக்கு இறங்கி வண்டியில் அடிபடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது! தடுத்தால், "நீ என்ன ஃபாரஸ்ட் ஆபீசரா?" என்கிறார்கள், என் விருந்தினர் முன்னாலேயே. விடுமுறை நாட்களில் வனத்துறை அங்கே கூடுதல் காவலர்களை நிறுத்த வேண்டும்.

– இயற்கை வழிகாட்டி ஒருவர், வால்பாறை