வெள்ளை உறையில் 51 வெள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் பேத்திக்கு ‘ஃபுல் மூன்’ செய்தோம். வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பிய அன்று ராத்திரியே ஈப்போவிலிருந்து என் நாத்தனார் கூப்பிட்டுவிட்டார். “அண்ணி, காலண்டரைப் பார்த்தேன். அன்னிக்குப் பௌர்ணமி இல்லையே, தேய்பிறை அஷ்டமின்னு போட்டிருக்கு. தேதி மாத்தி அனுப்பிட்டீங்களா?” என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வானத்து நிலவுக்கும் இந்த விசேஷத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நமக்குத் ‘திங்கள்’ எப்படி நிலவும் மாதமுமாக இருக்கிறதோ, சீன மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல். இங்குள்ள சீனர்களில் ஹொக்கியன் பேசுகிறவர்கள் ‘முவா குவே’ என்பார்கள், அதாவது மாதம் நிறைவது. யாரோ அதை ஆங்கிலத்தில் ஃபுல் மூன் ஆக்கிவிட்டார்கள், மலேசியா முழுக்க அப்படியே நின்றுவிட்டது. நம் வீடுகளில் குழந்தைக்கு முப்பது கும்பிடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

நான் எழுத வந்தது அந்த விருந்துக்கு வந்த மொய் உறைகளைப் பற்றி. ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் மருமகள் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த சீனப் பெண். பிரசவமாகி இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா வந்தார். நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அவர்கள் வழக்கப்படி முவா குவே செய்ய வேண்டியது அப்பா வீட்டார். முட்டையும் பலகாரமும் அங்கிருந்துதான் எல்லோருக்கும் போக வேண்டும். அம்மா வீட்டார் குழந்தைக்கு உடுப்பும் நகையும் கொண்டு வருவார்களாம். நானோ அவர்கள் செய்வார்கள், நாம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று இருந்தவள்! சரி, நம் வீட்டுப் பேத்தி, நாமே செய்வோம் என்று தலையாட்டினேன்.

அந்த முப்பது நாளும் வீட்டில் சின்னச் சின்ன இழுபறி இருந்தது. பிள்ளை பெற்றவளை மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீரில் தினமும் குளிப்பாட்ட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு மாதம் தலையில் தண்ணீரே படக்கூடாது என்பது அவர்கள் கட்சி. இஞ்சி, நல்லெண்ணெய், கோழி என்று வந்தபோது மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றுசேர்ந்தது. கோழியில் அரிசி மது ஊற்றியதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

விருந்துச் சமையலைப் பற்றி நான் பயந்திருக்கவே வேண்டாம். பினாங்குப் பக்கத்தில் முவா குவே என்றால் மஞ்சள் புலுட் (ஒட்டும் அரிசி) சோறும் கோழிக் கறியும்தான்! நாசி குனிட் என்கிறார்களே, அது. ஆறு கிலோ புலுட் அரிசியை மஞ்சளும் நாலைந்து அசாம் கெப்பிங் (காய்ந்த புளிப்புப் பழம்) துண்டும் போட்டு ராத்திரி ஊறவைத்தோம். விடியற்காலையில் பாண்டான் இலையும் முழு மிளகும் சேர்த்து ஆவியில் வைத்து, நடுவில் உப்புப் போட்ட தேங்காய்ப்பாலைத் தெளித்துத் தெளித்துக் கிளறினார் சம்பந்தி. கோழிக் கறி என் பொறுப்பு. மாட்டிறைச்சி பற்றி நான் வாயைத் திறக்குமுன் அவரே சொல்லிவிட்டார், அவர்கள் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், மாடு தொடமாட்டார்களாம்.

முட்டை 120. அவித்து, ஆறவைத்து, சிவப்புச் சாயத்தில் கொஞ்சம் வினிகர் விட்டு உருட்டி எடுக்க வேண்டும். கையுறை போடச் சொன்னால் சம்பந்தி கேட்கவில்லை. முடிந்தபோது பத்து விரலும் மருதாணி வைத்ததுபோல் சிவந்திருந்தன, பக்கத்தில் என் விரல்கள் மஞ்சள். மகன் எங்கள் நான்கு கைகளையும் சேர்த்து வைத்துப் படம் எடுத்தான். அங்கூ பலகாரத்தைப் பசாரில் சொல்லி வாங்கினோம். ஆமை ஓட்டு அச்சில் அமுக்கி, வாழையிலைத் துண்டின் மேல் உட்காரவைத்து வேகவைத்த சிவப்புக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நம் பாசிப்பருப்புப் பூரணமேதான். பெண் குழந்தை என்பதால் பீச் பழ வடிவத்திலும் சில போட்டுத் தந்தார் கடைக்காரம்மா. பையனாக இருந்தால் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாம்.

அப்புறம்தான் உறைகள்.

சம்பந்தியின் தாயாருக்கு வயது 84. பேத்தி மகளை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறை நடுவில் உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தவர் என் சொந்த அண்ணன். நல்ல மனசோடு, சிரித்துக்கொண்டே, ஓர் உறையை அந்த மூதாட்டியின் கையில் கொடுத்தார். வெள்ளை உறை. மேலே நீல மையில் அவர் பெயர், உள்ளே 51 வெள்ளி (ரிங்கிட்). மூதாட்டி இரண்டு கையாலும் வாங்கினார், வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அதைக் குழந்தையின் பக்கம் கொண்டுபோகவில்லை. நாற்காலிக்கு அடியில் மெதுவாக வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

என்ன தப்பு நடந்தது என்று எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. மருமகள்தான் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “அம்மா, வெள்ளை உறையில ஒற்றைப்படையாப் பணம் வெச்சுக் கொடுக்கிறது எங்களுக்குச் சாவு வீட்டுக்கு” என்றாள். ஒரு மாதம் நிறைந்த குழந்தைக்கு என் அண்ணன் எழவுப் பணம் கொடுத்துவிட்டார்!

நமக்கு இது எட்டுமா? பூஜ்யத்தில் முடியக்கூடாது, மேலே ஒரு வெள்ளி வைத்தால் வளரும் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு நல்லது எல்லாம் ஜோடியாக வரவேண்டும். அதிலும் நாலு ஆகாது, அந்த எண்ணைச் சொன்னால் சாவு என்ற சொல்போல் ஒலிக்கும். 38, 68, 88 எல்லாம் நல்ல தொகை. உறை சிவப்பாக இருக்க வேண்டும். சீனப் பெருநாளுக்கு அங்பாவ் என்கிற சிவப்புப் பண உறை வாங்கியே வளர்ந்தவர்கள் நாம், இருந்தும் மொய் என்று வந்ததும் கை தானாகக் கல்யாண வீட்டு வெள்ளை உறையைத் தேடுகிறது. அன்று எங்கள் பக்கத்திலிருந்து வந்த 27 உறைகளில் 19 வெள்ளை.

மகனும் நானும் அறைக்குள் உட்கார்ந்து அந்த வெள்ளை உறைகள் எல்லாவற்றையும் பிரித்தோம். சிவப்பு உறை வீட்டில் ஆறுதான் இருந்தது. மிச்சத்தைத் தீபாவளிக்கு வாங்கிய ஊதா நிற மயில் உறைகளில் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அந்த ஒரு வெள்ளி நோட்டை உருவி எடுத்தோம்.

தப்பு ஒருபக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் கறுப்பு வளையல் கொண்டு வந்து, கன்னத்தில் பெரிய மைப்பொட்டும் வைத்தார். விசேஷ வீட்டில் கறுப்பா என்று இப்போது சம்பந்தி வீட்டார் முகம் மாறியது. திருஷ்டிக்கு என்று விளக்கியதும் மூதாட்டி ஒத்துக்கொண்டார், கன்னத்தில் வேண்டாம், காலடியில் வை என்றார். நம் பாட்டிமாரும் உள்ளங்காலில் வைப்பது உண்டுதானே! அப்படியே செய்தோம். கேட்கவும் சொல்லவும் ஆள் இருந்ததால் அது இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. உறை விஷயத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தினமும் நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாம் போடுகிறீர்கள். வாரம் ஒருநாள் ஒரு சின்னக் கட்டத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் விசேஷத்துக்குப் போனால் என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக்கூடாது என்றும் போடுங்கள். முவா குவேயில் தொடங்கலாம். கடிகாரம் பரிசாகக் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள், அதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் இருக்கிறது. மொய் உறை அச்சடிக்கிற நம் கடைக்காரர்களும் வெள்ளையை விட்டு வேறு நிறத்துக்கு மாறினால் புண்ணியமாகப் போகும்.

உருவி எடுத்த ஒரு வெள்ளி நோட்டுகளை மருமகள் ஒரு மைலோ டின்னில் போட்டுக் குழந்தையின் முதல் சேமிப்பு என்று அலமாரியில் வைத்தாள். எண்ணிப் பார்த்து, “19 ஒற்றைப்படையா இருக்கே” என்று தன் பையிலிருந்து ஒன்று சேர்த்து 20 ஆக்கினாள். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர், பூஜ்யத்தில் நிற்கிறதே என்று யாருக்கும் தெரியாமல் இன்னொன்றைப் போட்டுவிட்டார். மருமகள் இன்னும் டின்னைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
பேத்தி எடுத்த ஒரு பாட்டி,
பட்டர்வொர்த்