கட்டைவிரலடியில் ஒரு குழி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்துவிட்டார். போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுத் தம்பி பின்னேரம் வந்து இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

நீ சைக்கிளால் விழுந்ததை மருமகள்தான் சொன்னாள். அவளைக் கோபிக்காதே. உன் குரல் சரியில்லை என்று நான் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் வாயைத் திறந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது, பெடலில் கொழுவியிருந்த சப்பாத்தைக் கழற்ற முடியாமல், நின்ற நிலையிலேயே இடப்பக்கம் சரிந்து கையை ஊன்றிவிட்டாயாம். டிராமுக்குள் இருந்த சனமெல்லாம் பார்த்ததாம். அன்று எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும், நாலாம் நாளே கைக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி சைக்கிளில் வேலைக்குப் போகிறாயாம். ஆனால் கேத்திலைத் தூக்க மற்றக் கையைத்தான் நீட்டுகிறாயாம். ஜாம் போத்தல் மூடியைத் திறக்கச் சின்னவளைக் கூப்பிடுகிறாயாம். அவள் சொன்ன கணக்குப்படி இன்றோடு பதினொரு நாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

ராசா, விழுந்த விதம் சின்னது என்பதற்காக அடியும் சின்னது என்று நினைத்துவிடாதே. என் வலது கை உனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி வந்தது என்று உனக்கு ஒருநாளும் நான் சொன்னதில்லை. "பழைய வாதம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

1992 டிசம்பர் மாதம். வாடைக்காற்று மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போக, இங்கே திருகோணமலையில் உவர்மலை இறக்கத்தால் சைக்கிளில் வந்தேன். மழை சற்று விட்டிருந்ததால் குடையைச் சுருக்கி ஹாண்டிலில் தொங்கவிட்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் தொங்கவிடுவார்கள். பாதி இறக்கத்தில் குடை ஒரு ஆட்டம் ஆடியது. அதன் நுனி முன் சில்லுக் கம்பிகளுக்குள் போய்விட்டது. சில்லு சுழன்ற வேகத்தில் குடையை இழுத்துக்கொண்டு போய் முன் கவையில் இறுக்கிவிட்டது. சில்லு நின்றது. நான் நிற்கவில்லை. ஹாண்டிலுக்கு மேலால் போய் ரோட்டில் விழுந்தேன். விழும்போது கை தானாகவே முன்னுக்குப் போகும், அதை யாராலும் தடுக்க முடியாது. உள்ளங்கையில்தான் முழுப்பாரமும் இறங்கியது.

சோதனைச் சாவடியில் நின்றவர்கள் பார்த்தார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் பார்த்தார்கள். எழும்பி, சேலையைத் தட்டி, நெளிந்த சில்லோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வெட்கம்தான் நோவைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு ரீச்சர் குடையால் விழுந்தாள் என்று ஊர் கதைக்குமே என்ற ஒரே நினைப்பு. வீட்டில்கூட "லேசாகச் சுளுக்கிவிட்டது" என்றேன். எண்ணெய் பூசினேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். வீக்கம் நாலைந்து நாளில் வடிந்துவிட்டது. வீக்கம் வடிந்ததுதான் என்னை ஏமாற்றியது.

உனக்கு அப்போது இரண்டு வயது. உன்னைத் தூக்கி இடுப்பில் வைக்க இடது கையைத்தான் பாவிப்பேன். சோக்கட்டியை அழுத்திப் பிடிக்க முடியாது, கரும்பலகையில் எழுத்து இழைந்து இழைந்து போகும். 98இல் கிண்ணியாவுக்கு மாற்றம் வந்தது. பாலம் 2009இல்தானே திறந்தார்கள், அதுவரை 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். சைக்கிளைப் பாதைக்குள் தூக்கி வைக்க எனக்குக் கை வராது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு ஐயாவோ தம்பியோ தூக்கி வைப்பார்கள். அந்த வருடம்தான் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "இது எப்போது முறிந்தது?" என்று கேட்டார்.

அந்த எலும்பைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் முந்திரிப் பருப்பளவு ஒரு எலும்பு இருக்கிறது. ஸ்கேஃபாய்ட் என்று பெயர். படகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாம், வடிவமும் வள்ளம் மாதிரித்தான். கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டுச் சின்ன எலும்புகளுக்குள் அதுதான் அதிகம் முறிவது. முறிந்தாலும் முதல் நாள் எக்ஸ்ரேயில் பல பேருக்குத் தெரியாது. பத்து, பதினான்கு நாள் கழித்துத் திரும்ப எடுத்தால்தான் வெடிப்பு தெரியவரும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் முன்னரே காட்டும். அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் பாய்கிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் போகாமல் விடலாம். பிறகு அது ஒட்டாது, செத்தும் போகும். எனக்கு ஒட்டவில்லை. இப்போது மூட்டே தேய்ந்துவிட்டது. இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட மூன்று தரம் பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போதே ஒன்று செய். விழுந்த கையின் கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாகத் தூக்கிப் பிடி. அதன் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில், இரண்டு தசைநார் கயிறுபோல் எழும்பி நிற்கும். நடுவில் சின்னக் குழி விழும். மற்றக் கை விரலால் அந்தக் குழியை அமத்திப் பார். நொந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போ. நோகாவிட்டாலும் போ. கேத்திலைத் தூக்க முடியாத கையைச் சுகமான கை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிந்தித் தெரியும் அடி நம் வீட்டுக்குப் புதிதில்லை. உன் இடது குதிக்காலில் இருக்கும் தழும்பைச் சின்னவள் கேட்டால் என்ன சொல்கிறாய்? உனக்கு நாலு வயது. கோட்டைப் பக்கம் மான் பார்க்க அப்பா உன்னைப் பின் கரியரில் வைத்துக் கூட்டிப்போனார். ஒரு மான்கூட்டம் ரோட்டோரத்தில் நின்றது. நீ அதைப் பார்க்கத் திரும்பியபோது கால் பின் சில்லுக்குள் போய்விட்டது. கம்பிக்கும் பாருக்கும் நடுவில் குதிக்கால் நசிந்தது. அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தோல் ஒரு மடலாகக் கிழிந்திருந்தது, அவ்வளவுதான், மருந்து கட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த டாக்டரம்மா மட்டும் "நாலு நாளில் திரும்பக் கொண்டு வாங்க, நசிந்த தோல் பிறகுதான் நிறம் காட்டும்" என்று சொல்லியிருந்தார். நாலாம் நாள் கட்டை அவிழ்த்தபோது மடலின் ஓரம் கறுத்திருந்தது. திரும்பப் போயிருக்காவிட்டால் உன் கால் என்னவாகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்க மாட்டேன். உன் நீலச் செருப்பு ஒன்று அங்கேயே விழுந்துவிட்டது. அப்பா மறுநாள் போய்த் தேடி எடுத்து வந்தார். அது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அந்தக் கிழமையே கரியரின் இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்து, கால் வைக்கத் தட்டும் போட்டார். அதன்பிறகு உன்னை ஏற்றினால் வழி முழுக்க "கால் எங்கே, கால் எங்கே" என்று கேட்டுக்கொண்டுதான் மிதிப்பார்.

சின்னவளை நீ பின்னால் வைத்து ஓட்டுகிறாய் என்று படத்தில் பார்த்தேன். சீட்டில் கால் மறைப்பும் வாரும் இருக்கிறது, பார்த்து மனம் ஆறியது. அவளுடைய துப்பட்டா, சப்பாத்து நூல் ஒன்றும் தொங்காமல் பார்.

உன் சப்பாத்து விஷயம். அப்பா மூன்று நாளாக யூடியூபில் அதைத்தான் பார்க்கிறார். பெடலில் இறுக்கத்தைக் குறைக்க ஒரு சின்ன ஆணி இருக்கிறதாம், அதைத் தளர்த்தச் சொல்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றிக் கழற்றிப் பழகச் சொல்கிறார். விளக்குக்கு இருபது முப்பது மீற்றர் முன்னாலேயே ஒரு காலை விடுவித்துவிட வேண்டுமாம். டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே நேராகக் கடக்கவேண்டும், சரிவாகப் போனால் சில்லு பள்ளத்தில் இறங்கிவிடும், மழையில் இரும்பு வழுக்கும். உங்கள் அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் 1990இலேயே ஹெல்மெட்டைச் சட்டமாக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். தலைக்கு அது இருக்கிறது. கைக்கு நீதான் பார்க்கவேண்டும்.

சைக்கிளை விடு என்று நான் சொல்லவில்லை. விழுந்த பிறகும் ஓய்வுபெறும்வரை சைக்கிளில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். கையைக் காட்டு என்றுதான் சொல்கிறேன். டாக்டரிடம் "சுளுக்கு" என்று சுருக்காமல், கையை ஊன்றி விழுந்தேன், கட்டைவிரலடியில் நோ, பதினொரு நாளாகிறது என்று முழுதாகச் சொல். டிராமில் இருந்த சனம் அன்றே உன்னை மறந்திருக்கும்.

இங்கே எல்லாம் சுகம். கடல் இப்போது அமைதி, நேற்று அப்பா கீரிமீன் வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மனுக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்வேன். அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிடு. எடுத்த உடனே போன் எடு, நடுச்சாமமானாலும் பரவாயில்லை. மருமகளும் பக்கத்தில் இருக்கட்டும், டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் வாயாலும் கேட்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா