லேப்டாப் கடன் கேட்டிருக்கும் உறுப்பினர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் வேலை செய்வதற்காகச் சங்க உள்கடனில் (சங்கச் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் கடன்) லேப்டாப் வாங்குபவர்கள் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழையது போதும், ஆனால் பேட்டரி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும், நம்மூர் கரண்ட்டை நம்ப முடியாது. 18,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 180. முதல் மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டும்படி தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். வேலை கிடைக்கவே நாளாகும், கிடைத்தாலும் பணம் உடனே வராது. ஃபைவர் (Fiverr) என்ற ஆன்லைன் வேலைத் தளத்தில் 10 டாலர் வேலைக்கு, தளத்தின் கமிஷன் போகக் கைக்கு வருவது 8 டாலர்தான். அதுவும் புதியவர்களுக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் எடுக்க முடியும்.

பான் கார்டு, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பலருக்கும் பணம் சிக்குவது இங்கேதான்.

தமிழ்99 (தமிழ் விசைப்பலகை முறை) தட்டச்சு பழகியவர்கள் ஆடியோ கேட்டு எழுதுவது, சப்டைட்டில் போடுவது ஆகியவற்றில் தொடங்கலாம். கேட்பவர்களுக்குக் காட்ட, மாதிரிக்காக இரண்டு வேலைகளைச் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

"டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "உங்கள் கணக்கில் பணம் போடுகிறோம், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்பது அதைவிட மோசம்: கணக்கு முடங்கும், போலீஸ் விசாரணையும் வரும்.