முட்டை பிராட்டா பாக்கி

அன்புள்ள செல்வா,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்கு என்ன சாக்குச் சொன்னாலும் நீ நம்பமாட்டாய். விட்டுவிடு. அம்மா நலம், முழங்கால்தான் வழக்கம்போல்.

நிலாவில் தண்ணீர் உண்டா இல்லையா என்று 1999-இல் கட்டிய பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 31-ஆம் தேதி நாசாவின் லூனார் பிராஸ்பெக்டர் கலத்தை நிலவின் தென்துருவப் பள்ளத்தில் மோதவிட்டார்கள். நீராவி துளிகூடத் தெரியவில்லை. "நிலாவில் தண்ணியே இல்லை, வை பிராட்டாவை" என்று தேக்காவில் என் காசில் ஆறு தின்றாய். நம்ம கூட்டாளி பல்லி சாட்சி.

நேற்று ராத்திரி புளோக் கீழ்த்தளத்தில் சின்னவளோடு கேரம். மேலே சுற்றுகிற கலத்துக்குக் கீழே தண்ணீர் இருப்பது எப்படித் தெரியும் என்றாள். ஒரு காயைச் சட்டத்தில் சுண்டினேன், வேகம் அதிகம் குறையாமல் திரும்பி வந்தது. அதையே இன்னொரு காய்மேல் நேராகச் சுண்டினேன். அடித்த காய் அங்கேயே நின்றது, அடிபட்டது ஓடியது. ஸ்ட்ரைக்கரில் இது நடக்காது, அது கனம். நியூட்ரானும் அப்படித்தான். விண்கதிர் பட்டு நிலவு மண்ணிலிருந்து தெறிக்கும்போது பெரிய அணுக்களில் மோதினால் வேகம் அதிகம் போகாது. தன் எடையே உள்ள ஹைட்ரஜனில் மோதினால் போச்சு. வேகமான நியூட்ரான் எங்கே குறைகிறதோ அங்கே ஹைட்ரஜன்.

பிராஸ்பெக்டர் மேலே சுற்றியபோது இப்படிக் கண்டதும் ஹைட்ரஜன்தான், தண்ணீர் என்று அது சொல்லாது. அந்த இடைவெளியில்தானே நீ ஆறு பிராட்டா தின்றாய்!

நம்ம விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரையின் சந்திரயான்-1 சுமந்துபோன நாசா கருவி 3 மைக்ரோமீட்டர் பக்கம் ஒளி குறைவதைப் பிடித்தது. அதிலும் தண்ணீரா, ஓர் ஆக்சிஜனும் ஒரே ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த வெறும் ஹைட்ராக்சிலா என்ற இழுபறி. 2009 அக்டோபர் 9-இல் நாசாக்காரர்கள் நிலவின் கேபியஸ் பள்ளத்தில் காலி ராக்கெட்டை மோதவிட்டார்கள். வெயிலே எட்டாத அந்த இருட்டிலிருந்து கிளம்பியதில் சுமார் 155 கிலோ தண்ணீர் தென்பட்டது! கூடவே அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடை, உனக்குப் பிடித்த முட்டை பிராட்டா மாதிரி.

ஆனால் செல்வா, அது ஒரே ஒரு பள்ளம். மற்ற இடங்களில் எங்கே, எந்த வடிவில், எவ்வளவு என்று படம் போடத்தான் 2025 பிப்ரவரியில் லூனார் டிரெயில்பிளேசர் என்ற நாசா கலம் போனது. மறுநாளே தொடர்பு அறுந்தது. மாதக்கணக்கில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். எந்தத் தேதியில் முடிந்தது தெரியுமா? அதே ஜூலை 31. படித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூருக்கு மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும் தண்ணீர்க் கணக்கு கேட்டே வளர்ந்த நமக்கு, ஒரு வாளி எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் இருப்பது லேசான விஷயமா?

அது கிடக்கட்டும். டிசம்பரில் வருகிறாயல்லவா? கேபியஸ் கணக்குப்படி ஆறு பிராட்டா நீ தரவேண்டும். வட்டிக்கு ஒரு தே தாரே. பல்லியிடம் சொல்லிவிட்டேன்.

உன்,
மணி