சக்கரம் வெளியே தெரிவதுதான் விஷயமே

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில் எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் போகவில்லை, இருந்தாலும் சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போவதை விடுகிற வழியாக இல்லை. நீ அமெரிக்காவில் சார்லட்டில் சொந்த வீடு வாங்கியதைச் சொன்னதும், பால் காய்ச்சினானா என்றுதான் முதலில் கேட்டார், மறக்காமல் எழுது. சின்னவள் இப்போது என்னோடு செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கு வர ஆரம்பித்துவிட்டாள், ரேஸ் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நிற்கிறாள். சரி, வீட்டு விஷயம் இத்தோடு போதும். உன் கடிதத்தில் பாதிக்கு மேல் உங்கள் அமெரிக்க நாஸ்கார் கார் ரேஸ்தான், அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நீ கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஃபார்முலா 1, இண்டிகார் மாதிரி சக்கரம் வெளியே தெரிகிற வண்டியில் அப்படி என்ன இருக்கிறது, லேசாகப் பட்டாலே உடைந்து நிற்கிறது, இங்கே நாற்பது வண்டி கதவோடு கதவு உரசிக்கொண்டு 600 மைல் ஓடுகிறதே, அதுதானே ரேஸ் என்கிறாய். என் பதிலும் ஒரே வரிதான், சக்கரம் வெளியே தெரிவதுதான் விஷயமே. மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

ஓடுகிற சக்கரத்தை நினைத்துப் பார். அதன் முன்பக்கம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும், பின்பக்கம் மேலே ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவனின் முன்சக்கரம், முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் முட்டினால், இறங்குகிற ரப்பரும் ஏறுகிற ரப்பரும் ஒன்றையொன்று கவ்வும், பின்னால் வந்த வண்டி அப்படியே மேலே தூக்கி எறியப்படும். 2010இல் வலென்சியாவில் மார்க் வெப்பர் கோவலைனனின் பின்சக்கரத்தில் ஏறி வானத்தில் குட்டிக்கரணம் போட்டாரே, அதுதான் அது. அவர் நடந்து வெளியே வந்தார். 2011 அக்டோபரில் லாஸ் வேகஸ் இண்டிகார் ரேஸில் 15 வண்டிகள் சிக்கிய விபத்தில் டான் வெல்டன் உயிரோடு வரவில்லை. அந்த வருடம் மே மாதம், இண்டியானாபொலிஸில் நடக்கிற 500 மைல் ரேஸான இண்டி 500 ஜெயித்தவர், அடுத்த வருடம் வர இருந்த புது வண்டியைச் சோதித்து ஓட்டியதும் அவர்தான், அந்த வண்டிக்கு அவர் பெயரின் முதல் எழுத்துகளையே வைத்தார்கள், டிடபிள்யூ 12 என்று. அதில் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மறைப்பு வைத்துப் பார்த்தார்கள், 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். சக்கரம் மறுபடி வெளியே வந்துவிட்டது.

இதை நான் ஆபத்தை ரசிக்கிறவனாகச் சொல்லவில்லை. ஓட்டுகிறவரின் தலையைக் காக்கிற ஹேலோ வளையம் வந்ததற்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும், 2020இல் பஹ்ரைனில் குரோஷான் நெருப்புக்குள்ளிருந்து எழுந்து வந்ததற்கு அந்த வளையமும் ஒரு காரணம். நான் சொல்ல வருவது வேறு. உரசினால் இரண்டு பேருக்கும் முடிந்தது என்று தெரிந்த இரண்டு பேர், பக்கத்தில் பக்கத்தில் ஒரு வளைவுக்குள் நுழைகிறார்கள் என்றால், ஒருவனை ஒருவன் நம்பித்தான் ஆகவேண்டும். இவன் இடம் விடுவான் என்று அவனும், அவன் அளவு தாண்ட மாட்டான் என்று இவனும் நம்புவதை நாம் கண்ணால் பார்க்க முடிகிறது, ஏனென்றால் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி நமக்குத் தெரிகிறது.

2024 மே 26 இரவு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஊரில் மதியம், இங்கே ராத்திரி பத்தேகாலுக்கு ஆரம்பிக்க வேண்டிய இண்டி 500 மழையால் நாலு மணி நேரம் தள்ளிப்போய், விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சுற்று ஆரம்பிக்கும்போது முதல் வளைவில் ஜோசஃப் நியூகார்டனை முந்திவிட்டார் பாட்டோ ஓவார்ட், மெக்ஸிகோக்காரர், ஜெயித்திருந்தால் அந்த நாட்டுக்கே முதல் வெற்றி. பின்பக்க நேர்ப்பாதையில் நியூகார்டன் அவர் வண்டி கிழித்த காற்றுக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு வந்து, மூன்றாவது வளைவில் வெளிப்பக்கமாகப் போனார். வெளிப்பக்கம், மாப்ள! அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கிறது. ஓவார்ட் நினைத்திருந்தால் வண்டியை ஒரு அடி சுவர்ப் பக்கமாக மேலே ஏற விட்டிருக்கலாம், யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர் தன் கோட்டிலேயே நின்றார், நியூகார்டன் அரை நொடிகூட இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்தார். முடிந்ததும் ஓவார்ட் கண்ணீர் விட்டதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. தோற்றவன் கொடுத்த அந்த இடத்தில்தான் ஜெயித்தவனின் ஓவர்டேக் நடந்தது. எத்தனை முறை திரும்பப் பார்த்தாலும் எனக்கு அதுதான் தெரிகிறது.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன். நாஸ்காரில் தொடுவதும் ஒரு பேச்சு, பஸ்ஸில் தோளால் லேசாக இடித்து வழி கேட்கிற மாதிரி. பின்னால் வந்து பம்பரில் தட்டினால் தள்ளு என்று அர்த்தம், மூலையில் தட்டினால் விலகு என்று அர்த்தம். கிட்டத்தட்ட 1,500 கிலோ வண்டி, சுற்றிலும் தகடு, அதனால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்கிறது. அதன் உச்சம் எது என்று கேட்டால் நீயும் நானும் ஒன்றைத்தான் சொல்வோம். 2022 அக்டோபரில் மார்ட்டின்ஸ்வில்லில் ராஸ் சாஸ்டெயின் செய்தது. சாம்பியன்ஷிப்பின் கடைசி நாலு பேருக்குள் போக அவருக்கு இரண்டு இடம் தேவை, மிச்சமிருந்தது ஒரு சுற்று. மனுஷன் டாப் கியரைப் போட்டு, வண்டியைச் சுவரில் சாய்த்து, ஆக்சிலரேட்டரை விடாமல், வளைவை முழுக்கச் சுவரே திருப்பிக்கொடுக்கும்படி விட்டு ஐந்து வண்டியைத் தாண்டினார். அந்தத் தடத்தில் நாஸ்காரின் உச்சப் பிரிவான கப் வண்டி எதுவும் அதற்கு முன் அவ்வளவு வேகமாக ஒரு சுற்றை முடித்ததில்லை. அடுத்த சீசனிலிருந்து கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள், அது சரியான முடிவுதான். ஆனால் அன்றைக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அப்புறம் அதே சாஸ்டெயின் 2025இல் உன் ஊர் 600 மைல் ரேஸில் எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பி ஜெயித்ததை நீ நேரில் பார்த்திருக்கிறாய், அந்தப் பொறாமை எனக்கு உண்டு.

ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். சாஸ்டெயின் நம்பியது சுவரையும் தன் வண்டியின் தகட்டையும். நியூகார்டன் நம்பியது பக்கத்தில் இருந்த மனிதரை. எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சுக்குள் இறங்குகிறது.

நம் ஊர் நரேன் கார்த்திகேயன் இந்த இரண்டு பக்கமும் ஓட்டியவர் என்பது அங்கே இருக்கிற உன் நண்பர்களுக்குத் தெரியுமா? சொல்லு. 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1, இந்தியாவிலிருந்து முதல் ஆள். 2010இல் அதே மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரக் ரேஸில் இறங்கினார், அந்த சீசனில் ரசிகர்கள் வாக்குப் போட்டு அவரையே மிகப் பிரபலமான டிரக் ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2009இல் பிரான்ஸின் லு மான் 24 மணி நேர ரேஸுக்குப் போய், ரேஸ் தொடங்குவதற்கு முன்பே, வண்டிகள் நின்று டயர் மாற்றுகிற பிட்டின் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை கழன்று ஓட்ட முடியாமல் போனது. 2019இல் ஃபூஜியில் ஜப்பானியரும் ஜெர்மானியரும் சேர்ந்து நடத்திய ரேஸில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வண்டியில் ஜெயித்தார், அப்போது வயது நாற்பதுக்கு மேல். தகடு மூடிய வண்டியிலும் அவர் கை கெட்டியாகத்தான் இருந்தது. இந்த ஊரில் அவர் பெயருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஃபார்முலா 1க்கு நான் வக்காலத்து வாங்குவேன் என்று எதிர்பார்க்காதே. 2025 மே 25 ஒரே நாளில் மூன்று ரேஸ், சாயங்காலம் ஆறரைக்கு மொனாகோ, பத்தேகாலுக்கு இண்டி, விடிகாலை மூன்றரைக்கு உன் சார்லட். மொனாகோவில் கட்டாயம் இரண்டு பிட் ஸ்டாப் என்று புது விதி போட்டதும் என்ன நடந்தது? ஒரே அணியின் ஒருவன் மெதுவாக ஓட்டிப் பின்னால் வருகிறவர்களை அடைத்து நிறுத்த, இன்னொருவன் அந்த இடைவெளியில் பிட்டுக்குள் போய் வந்தான். அப்போதிருந்த இரண்டு மீட்டர் அகல வண்டியை அந்தத் தெருவில் முந்த வழியே இருக்கவில்லை. திறந்த சக்கர ரேஸின் அடிப்படை நம்பிக்கை என்று மேலே சொன்னேன் பார், அது வேலை செய்ய முதலில் பக்கத்தில் வர இடம் வேண்டும். அது இண்டிகாரில் இன்னும் இருக்கிறது, ஃபார்முலா 1இல் சில தடங்களில் மட்டும் இருக்கிறது. சில்வர்ஸ்டோன், இன்டர்லாகோஸ் மாதிரி இடங்களில் அது கிடைக்கிற நாளில் அதற்கு ஈடு எதுவும் இல்லை, அதனால்தான் விட முடியாமல் பார்க்கிறேன்.

திறந்த சக்கரத்தில் கிடைக்காத ஒன்று லு மானில் கிடைக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பிடிவாதக்காரன் என்பாய். அங்கே நேரமும் கூடவே ஓடுகிற ஒரு வண்டி மாதிரி ஆகிவிடுகிறது. 2016இல் முன்னணியில் இருந்த டொயோட்டா முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது சக்தி இழந்து நின்றது. 2021இல் ராபர்ட் குபிட்சாவும் யே யிஃபேயும் இருந்த வண்டி அதன் பிரிவில் முதலிடத்தில் ஓடி, கடைசிச் சுற்றில் நின்றது. குபிட்சா யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2008இல் கனடாவில் ஃபார்முலா 1 ஜெயித்தவர், 2011இல் இத்தாலியில் ஒரு ராலியில் தடுப்புக் கம்பி வண்டிக்குள் பாய்ந்து வலது கை சிதைந்தது. அந்தக் கையோடு 2013இல் உலக ராலிப் போட்டியின் இரண்டாம் பிரிவான டபிள்யூஆர்சி 2 பட்டம், 2019இல் மறுபடி ஃபார்முலா 1, கடைசியில் 2025இல் 83ஆம் எண் மஞ்சள் ஃபெராரியில் லு மானையே ஜெயித்தார். கூட ஓட்டிய இருவரில் ஒருவர், அந்த 2021 வண்டி நின்றபோது உள்ளே உட்கார்ந்திருந்த அதே யே. ரேஸ் முடிகிறபோது வண்டியில் இருந்தது குபிட்சா. இப்படிப்பட்ட ஒரு கதையை இரண்டு மணி நேர ரேஸ் எழுத முடியாது. ராலியைப் பற்றி நீ கேட்டாய், எனக்கு அதில் பிடித்தது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்த வளைவைச் சத்தம் போட்டு வாசிக்கிற ஆள்தான், கண்ணால் பார்க்காத வளைவுக்குள் அந்தக் குரலை நம்பிப் போகிறார்கள். அது பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக ஓடுவதால் எனக்கு ரேஸ் பார்த்த திருப்தி வருவதில்லை.

இங்கே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, உனக்குத் தெரிய வேண்டும். அஜித் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்குப் போய், அவர் அணி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து, டீக்கடையில்கூட ஸ்டின்ட், டிரைவர் சேஞ்ச் என்று ரேஸ் பாஷையில் பேசுகிறார்கள். அவரும் 2010இல் ஃபார்முலா 2 ஓட்டியவர்தான், திறந்த சக்கரத்திலிருந்து அந்தப் பக்கம் போனவர். சென்னையில் 2024இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி விளக்கில் ஃபார்முலா 4 நடந்தபோது முதல் தடவை ரேஸ் பார்க்க வந்த குடும்பங்களின் படங்களைப் பார்த்தேன், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எந்த வாசல் வழியாக வந்தாலும் சரி, உள்ளே வந்தால் போதும்.

மே மாதம் வா, 600 மைல் ரேஸைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறாய். வருகிறேன். ஆனால் இண்டி 500, உன் 600 இரண்டு ரேஸும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. டோனி ஸ்டூவர்ட் 2001இல் இரண்டிலும் ஓடி 1,100 மைலையும் முழுசாக முடித்து, இண்டியில் ஆறாவதும் சார்லட்டில் மூன்றாவதும் வந்தார், அவருக்குத் தனி விமானம் இருந்தது. கைல் லார்சன் 2024இல் இண்டியை முடித்து விமானத்தில் வந்து சேர்ந்தும், மழையால் சார்லட்டில் ஒரு சுற்றுகூட ஓட்ட முடியவில்லை. அதனால் நம் மாதிரி ஆட்களுக்கு ஏதாவது ஒன்றுதான். என் யோசனை இது: வெள்ளிக்கிழமை, கடைசிப் பயிற்சி நாளான கார்ப் டேக்கே இண்டியானாபொலிஸ் போய்விடுவோம், ஞாயிற்றுக்கிழமை ரேஸை நேரில் பார்ப்போம், முடிந்ததும் காரை எடுத்தால் உன் வீட்டுக்கு ஒன்பது பத்து மணி நேரம், வழியெல்லாம் 600ஐ ரேடியோவில் கேட்டுக்கொண்டு வரலாம். உன் ரேஸை நான் அரங்கத்தில் பார்க்கவில்லை என்று கோபப்படாதே, அதற்கு அக்டோபரில் இன்னொரு தடவை வருகிறேன்.

மூன்றாவது வளைவுப் பக்கம், உயரத்தில் இடம் கிடைக்குமா என்று பார்த்து எழுது. விசா வேலையை நான் இங்கே ஆரம்பித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்,
கோயம்புத்தூர்